பின்பக்கம் இல்லாத குழாய்

புதியம்புத்தூர்ல தீபாவளி ராக்கெட்டைக் கையில் பிடித்து விட்டுப் பார்த்த பயல்களுக்குத் தெரியும், முதலில் பொசுங்குவது கைதான். நெருப்பு கீழே கக்கினால்தான் அது மேலே போகும். சினிமாக்காரர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

1985-ல் வந்த இரண்டாவது ராம்போ படத்தின் கடைசிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டருக்குள் செத்தவன் போல உட்கார்ந்திருக்கும் ஸ்டாலோன், திடீரென்று ராக்கெட் லாஞ்சரைத் தூக்கி எதிரே நிற்கும் சோவியத் ஹெலிகாப்டரை அடிக்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள், படம் முழுக்க உயிரைக் கொடுத்து அவர் மீட்ட கைதிகள்! சுடுபவரின் தோள் உடையாமல் இருப்பதே குழாய் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால்தான். முன்னே போகிற விசைக்கு ஈடாகப் பின்னே சூடான வாயு பீறிடும். மூடிய இடத்தில் அந்த அழுத்தம் சுட்டவரையே திருப்பி அடிக்கும். கைதிகளின் கதி என்ன ஆகியிருக்கும்?

அதே ஆண்டு வந்த 'கமாண்டோ'வில் நாயகி லாஞ்சரைத் திருப்பிப் பிடித்துச் சுட்டுவிடுவார், பின்னால் இருந்த கட்டடம் வெடிக்கும். (அது டாங்கியை அடிக்கிற வகை இல்லை, தீ வைக்கிற ராக்கெட், போகட்டும்.) காமெடிதான். ஆனாலும் குழாய்க்கு இரண்டு முனை உண்டு என்று ஞாபகம் வைத்திருந்தது அந்தக் காமெடி மட்டுமே.

அடுத்தது வேகம். சோவியத் ராணுவம் 1961-ல் ஏற்ற ஆர்.பி.ஜி.-7-ல் முதல் வெடிமருந்து குண்டை நொடிக்குச் சுமார் 115 மீட்டர் வேகத்தில் தள்ளும். பத்து மீட்டர் தள்ளிப் போனபிறகுதான் ராக்கெட் மோட்டார் பற்றும், இல்லையென்றால் சுட்டவர் முகம் வெந்துபோகும். அப்புறம் வேகம் 300-ஐ நெருங்கும். 200 மீட்டரைக் கடக்க ஒரு நொடிகூட வேண்டாம். நம்ம ஹீரோவோ புகை வளைந்து வளைந்து வருவதைப் பார்த்து, வசனம் பேசி, குனிகிறார்.

பட்டதும் கார் பறப்பதும் பொய். உள்ளே இருக்கும் செம்புக்கூம்பு உருக்குலைந்து ஊசித்தாரையாகக் கவசத்தைத் துளைக்கும். வெளியே சின்ன ஓட்டை, உள்ளே மனிதர்கள். அதைப் படமெடுப்பது கஷ்டம், பெட்ரோலைக் கொளுத்துவது சுலபம்.

ஈழத்தில் இதற்கு உந்துகணை என்று பெயர். புலிகளின் நிதர்சனம் பிரிவு எடுத்த போர்க்களப் பதிவுகளில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பிரச்சாரப் படங்கள்தான், எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்பது தனிக்கதை. ஒருவர் எழுகிறார், சத்தம், பின்னால் புழுதி. குண்டு கண்ணுக்கே தெரிவதில்லை. நான் பார்த்தவற்றில் கேமரா பக்கவாட்டில்தான் நிற்கிறது. நேர் பின்னால் நின்றிருந்தால் படச்சுருளைக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இருந்திருக்காது.