அரை டிக்கெட்

யூலியுஸ் டோர்ப்முல்லர் கெட்டிக்காரப் பொறியாளர் என்பதில் சர்ச்சையில்லை. 1869-ல் எல்பர்ஃபெல்ட்டில் பிறந்தார். ஆஹனில் படித்தார். சீனாவின் தியன்சின்–புகோ ரயில் பாதையில் ஜெர்மானியர் போட்ட பகுதிக்கு அவர்தான் தலைமைப் பொறியாளர். 1926 முதல் 1945 வரை ஜெர்மன் ரயில்வேயின் தலைமை இயக்குநர். அவர் காலத்தில், 1933-ல், 'பறக்கும் ஹாம்பர்கர்' என்ற டீசல் ரயில் பெர்லினிலிருந்து ஹாம்பர்க் வரை 286 கிலோமீட்டரை 138 நிமிடத்தில் கடந்தது. நம்முடைய சென்னை–கோவை வந்தே பாரத்துக்கு இன்றும் அந்தச் சராசரி வேகம் இல்லை.

1937-ல் ஹிட்லர் அவரைப் போக்குவரத்து அமைச்சராக்கினார். அவர் வெறும் தொழில்நுட்பக்காரர், கட்சியில் சேர்ந்ததே 1941-ல்தான், யூதர்களை ஏற்றிய ரயில்களைக் கவனித்தது அவருக்குக் கீழிருந்த செயலாளர் கன்சென்முல்லர் என்று வாதாடுவதுண்டு. தேதிகள் இதற்கு இடங்கொடுக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து யூதர்களை வரிசையாகக் கிழக்கே அனுப்பத் தொடங்கியது 1941 அக்டோபரில். கன்சென்முல்லர் அந்தப் பதவிக்கு வந்தது 1942 மே மாதம்.

தேதியைவிடக் கட்டணக் கணக்கு இன்னும் பச்சையாகப் பேசுகிறது. யூதர்களை அடைத்தது சரக்குப் பெட்டியில் என்றாலும் வசூலித்தது மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பிஃபெனிக். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்குக் குறையாமல் ஏற்றினால் பாதிக் கட்டணம். காவலர்களுக்குப் போகவர டிக்கெட், மற்றவர்களுக்கு ஒருவழி. பில் ஹிட்லரின் எஸ்.எஸ். படைத் தரப்புக்குப் போனது. இதை எழுத வெறியர்கள் தேவைப்படவில்லை. கட்டண எழுத்தர், கால அட்டவணைக்காரர், கணக்குப்பிள்ளை போதும். மேலிருந்து வந்த உத்தரவு எதுவானாலும் வண்டியை நேரத்துக்கு எடுக்கப் பழகிய நிர்வாகம் அது. டோர்ப்முல்லர் பெயர் வாங்கியதே அந்த நிர்வாகத்தால்தான். ஆகவே பொறியாளருக்குப் பாராட்டு, அமைச்சருக்குக் கண்டனம் என்று இரண்டு பேரேடு போட முடியாது.

மறுத்தால் உயிருக்கு ஆபத்து என்பதும் எடுபடாது. 1941-ல் அவருக்கு வயது 72. முதுமையைச் சொல்லி வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் வியந்திருக்கமாட்டார்கள். கடைசிவரை நாற்காலியில் இருந்தார்.

போர் முடிந்ததும் ரயில்களை மறுபடி ஓடவைக்க நேச நாட்டு அதிகாரிகள் அவரோடுதான் கலந்து பேசினார்கள். 1945 ஜூலையில் அவர் இறந்துபோனார். நீதிமன்றம் அவரை விசாரிக்கவே இல்லை. கன்சென்முல்லர் மீது 1973-ல் டூசல்டார்ஃபில் தொடங்கிய வழக்கு, அவருக்கு மாரடைப்பு வந்ததால் பாதியிலேயே நின்றது.