கண்ணாடியோடு ஒட்டிய தாத்தா

விமானப்படை நிலையத்தை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் கூடத்துச் சுவர் இப்போதுதான் நிறைந்திருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய பழைய படங்களின் தேக்குச் சட்டங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், கறுப்புக்கு அடியில் தேன் நிறம்! கரையான் தின்ற மூலைக்கு மரத்தூளும் பசையும்.

தாத்தா படம் மட்டும் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் கண்டால் பசையாகிவிடும். பிய்த்தால் முகம் போய்விடும். அப்படியே ஸ்கேன் எடுத்து, அப்படியே மாட்டினோம். மற்றவற்றுக்கு மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி தொடாமல் இடைவெளி விட்டாயிற்று.

பக்கத்தில் மாமாவின் பித்தளை டோக்கன். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

தாத்தாவின் கண்ணாடியில் பழைய சந்தனப் பொட்டின் தடம் இருக்கிறது. துடைக்க அத்தை விடவில்லை.