திருமூலர் காட்டும் தியானத்தின் தொடக்கம்

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, திசம்பர் 21ஆம் நாளை உலகத் தியான நாளாக 2024இல் அறிவித்தது. அதனையொட்டிப் பேசுவோர் தமிழ்ச் சான்று வேண்டித் திருமந்திரத்தை நாடுதல் இயல்பே. ஆயின், அப்பெருநூலினின்று அவர்கள் எடுப்பது பெரும்பாலும் ஒரே செய்யுள்: மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32 என்பது. 'இதுவே திருமூலர் சொன்ன தியானம்' என்று முடித்தும் விடுகின்றனர். இம்முடிபு நூலுக்குப் பொருந்துமா?

யோகம் பேசுவது நூலின் மூன்றாந் தந்திரம். அங்கே இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டு உறுப்புகள் நிற்கின்றன. மூச்சுப் பயிற்சி நான்காவது, தியானம் ஏழாவது. பதஞ்சலியார் வைத்த முறையும் இதுவே. மனத்தை ஓரிடத்துக் கட்டுதல் தாரணை, அவ்வொன்றைப் பற்றிய உணர்வு இடையறாது ஒழுகுதல் தியானம் என்பது அவர் வகுத்த வேறுபாடு. 'தியானத்தில் அமர்ந்தேன், மனம் ஓடிற்று' என வருந்தும் புதியவர் இன்னும் தாரணையில்தான் இருக்கிறார். அது தோல்வியன்று.

இனி மாத்திரைக்கு வருவோம். கண்ணிமையும் கைந்நொடியும் அதன் அளவு என்பது தொல்காப்பியம் கற்றார் அறிந்ததே. குற்றெழுத்தொன்றை ஒலிக்கும் சிறுபொழுது அது. இன்றோ நொடி என்றால் கடிகாரத்தின் செகண்டு என்றே மாணவர் கொள்வர். 64 மாத்திரைக்கு 64 செகண்டு என்று பொருள் சொல்வாரும் உளர். யோக நூல்கள் மாத்திரைக்குத் தரும் அளவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆதலின் அவ்வெண்களில் உறுதியாகக் கொள்ளத்தக்கது ஒன்று, நான்கு, இரண்டு என்னும் விகிதமே. முதல் நாளே ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சையடக்கி ஒரு மாணவன் தலைசுற்றி விழுந்தால், பழி செய்யுளுக்கன்று, பொருள் சொன்னவர்க்கே.

இதனினும் பெரிய குறை, முதலுறுப்பை விட்டுவிடுதல். பதஞ்சலியாரின் இயமம் ஐந்து: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் பற்றாமை. திருமூலர் கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு அடக்கம், நடுவுநிலைமை, பகுத்துண்ணல், கள்ளுண்ணாமை முதலியவற்றையும் சேர்க்கிறார். குறளின் அதிகாரப் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? உணவைப் பிறரோடு பகிர்வதும் யோகத்தின் முதற்படியில் அடங்கும் என்றால், கண்மூடித் தனித்திருப்பதே தொடக்கம் என்ற கருத்து இந்நூலுக்குரியதன்று. 'இயமம் முற்றிய பின்னரே மற்றவை எனின் எவர் தொடங்குவார்?' என்பர். நேரிய தடையே. ஆனால் குறையோடு தொடங்குதல் வேறு. அப்படி ஓர் உறுப்பு உண்டென்பதையே சொல்லாதிருத்தல் வேறு.

தியானத்தையும் அவர் இருவகையாகக் கூறுகிறார். சத்தியை உருவொடு நினைவது ஒன்று, சிவத்தியானம் மற்றொன்று. இரண்டிற்கும் நினைக்கப்படும் பொருள் உண்டு. இந்நாளில் பலரும் பயிலும் மூச்சைக் கவனித்தலோ பௌத்தர் வழி வந்தது; பாளி மொழியில் ஆனாபானசதி எனப்படுவது. அங்கே மூச்சை எண்ணளவால் அடக்குவதில்லை. நெடிதாயின் நெடிதென்றும் குறிதாயின் குறிதென்றும் அறிந்திருப்பதே பயிற்சி. அதனைத் திருமூலர் பெயரால் வழங்குவது இருவழிக்கும் இழுக்கு. மாணவர்க்கு மூச்சுச் செய்யுளை எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இயமச் செய்யுளையும் அதே தாளில், அதற்கு மேலே, எழுதிக் கொடுப்பாராக.