கடலில் ஊரடங்கு: இரண்டு விதமான செய்திகள்

2020 ஊரடங்கின்போது பாய்மரப் படகில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய வந்தது. நீங்களும் ஒன்றிரண்டு படிச்சிருப்பீங்க. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நமக்கு, தனிமையில் இருப்பது எப்படின்னு மாலுமியிடம் கத்துக்கச் சொன்ன வகை. அவற்றைச் சமீபத்தில் மறுபடி எடுத்துப் படித்தபோது தோன்றியதைக் குறித்து வைக்கிறேன்.

அதில் பிரபலமானது அர்ஜென்டினாக்காரர் ஹுவான் மானுவல் பாலெஸ்டெரோவின் கதை. விமானங்கள் நின்றுவிட்டன, 90 வயதைத் தொடும் அப்பாவைப் பார்த்தாக வேண்டும். மார்ச்சில் போர்ச்சுகலின் போர்ட்டோ சான்டோ தீவிலிருந்து 29 அடிப் படகில் தனியாகக் கிளம்பினார். கேப் வெர்டேயில் அவரை அனுமதிக்கவில்லை. அலையில் படகு அடிபட்டு, பிரேசிலில் நின்று பழுது பார்த்து, 85 நாளில் மார் டெல் பிளாட்டா வந்து சேர்ந்தார். கொரோனா பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் இறங்க முடிந்தது.

மனிதர் பட்ட பாடு நிஜம். அதில் எனக்குக் கேள்வியே இல்லை. குறை, இந்த மாதிரிக் கதைகளைச் சொன்ன விதத்தில். பாய்மரப் படகில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் வேலை. தனி ஆள் என்றால் தூக்கமே துண்டு துண்டாகத்தான். குடிதண்ணியை அளந்து குடிக்கணும், கிழிந்த பாயைத் தைக்கணும், அடியில் சேரும் தண்ணியை இறைக்கணும், ஆடுகிற அடுப்பில் சோறு வடிக்கணும். நம்மிடம் வந்து சேர்ந்த கட்டுரைகளில் இதெல்லாம் ஒரு வரி. மீதி சூரிய அஸ்தமனம், டால்ஃபின், மனசு. வேலையை எடுத்துவிட்டால் தனிமை மட்டும் மிஞ்சும். அது ஞானம் மாதிரி தெரியும். போதாததற்கு, அவர் தேர்ந்தெடுத்துப் போனார், நாம் அடைக்கப்பட்டோம் என்ற வித்தியாசமும் மறைந்துபோகிறது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். அதே மாதங்களில் ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போன நூற்றுக்கணக்கான தமிழக மீனவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அதிகம். பலர் மாதக்கணக்கில் படகிலேயே தங்கியிருந்தார்கள். பாய் இல்லை, என்ஜின் படகு. மற்றபடி கடல்தான், ஊரடங்குதான், திரும்ப முடியாத வீடுதான். 'சமுத்திர சேது' நடவடிக்கையில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது.

இது பற்றி நான் படித்த செய்திகளில் எண்ணிக்கை இருக்கிறது, கோரிக்கை மனு இருக்கிறது, அமைச்சருக்குக் கடிதம் இருக்கிறது. ஒரு நாள் எப்படிப் போச்சு என்பது இல்லை. பாலெஸ்டெரோ டின் மீன், அரிசி, பழம் ஏற்றிக்கொண்டு போனது சென்னையில் இருக்கிற எனக்குத் தெரியும். குளச்சல்காரர் ஒருவர் அந்தப் படகில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. ஒரு பக்கம் வேலையை நீக்கிவிட்டு மனசை வைத்தார்கள். இன்னொரு பக்கம் கஷ்டத்தைத் தவிர எல்லாத்தையும் நீக்கிவிட்டார்கள். கஷ்டத்தை மட்டும் வைத்தால் ஆளுக்கு முகம் இருக்காது. உதவி வந்து சேர்ந்ததும் கதையும் முடிந்துவிடும்.

எல்லை மூடியிருந்தது, நிருபர் போக முடியாது என்பீர்கள். நியாயம். ஆனால் திரும்பி வந்த பிறகு? ஈரான் வரைகூடப் போக வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து நடக்கிற தூரத்தில் நொச்சிக்குப்பம். அடையாறு முகத்துவாரத்தில் ஊரூர் குப்பம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு வழக்கமான 61 நாள் மீன்பிடித் தடையை அந்த வருஷம் 47 நாளாகக் குறைத்தார்கள். அதை எல்லாரும் எழுதினார்கள். தடைக்குள் வராத ஃபைபர் படகுக்காரர், மீன் பிடித்தாலும் விற்க இடம் இல்லாமல் என்ன செய்தார் என்று எழுதியவர்கள் குறைவு.

இத்தனைக்கும் தமிழில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) இரண்டிலும் கடல் வெறும் பின்னணி இல்லை, தொழில் நடக்கிற இடம். காற்று எந்தப் பக்கம், யார் என்ன வேலை, கூலி எவ்வளவு என்பதில்தான் மனிதர்கள் உருவாகிறார்கள். மனசு தனியாக வர வேண்டியதில்லை, வேலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாவல் எழுத எடுத்துக்கொள்ளும் காலம் செய்திக்குக் கிடைக்காதுதான். அந்தக் கேள்விகளையாவது எடுத்துக்கொள்ளலாமே?

திரும்பி வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாபகம்தான் வருஷத்துக்கு வருஷம் மங்கும். இதைப் படிக்கிற இதழியல் மாணவர்கள் யாராவது குமரிக் கடற்கரைப் பக்கம் போனால், 'எவ்வளவு கஷ்டப்பட்டீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். குடிதண்ணி எங்கிருந்து வந்துச்சு, யார் சமைச்சாங்க, ராத்திரி படகில் எந்த இடத்தில் படுத்தீங்க, பொழுது போக என்ன செஞ்சீங்க என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.