முப்பது அங்குலக் கூடு: நாலு மாதம் பாவித்த பிறகு

எங்கள் யட்டவத்த வீட்டு விறாந்தையில் இரண்டு பட்ஜிகள் இருக்கின்றன. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் அதே அவுஸ்திரேலியக் குருவிகள்தான். முதலில் வாங்கிய கூடு வட்டமானது. மேலே கோபுரம் மாதிரிக் குவிந்து, பார்க்க அவ்வளவு அழகு. குருவிக்கு அது உதவவில்லை. பட்ஜி பக்கவாட்டில் பறக்கிற பறவை. கூடு எவ்வளவு உயரமாக இருந்தாலும் நீளம் இல்லாவிட்டால் சிறகு விரிக்க இடமில்லை. கம்பியில் உரசி உரசி வால் நுனி பிய்ந்ததைப் பார்த்த அன்றே மாற்ற முடிவெடுத்தேன்.

புதியது நீள்சதுரம்: 30 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம். கடையிலேயே கம்பி இடைவெளியை அளந்தேன், 12 மில்லிமீற்றர். பட்ஜிக்கு அதற்கு மேல் வேண்டாம், தலை மாட்டிக்கொள்ளும். கம்பிக்குப் பவுடர் பூச்சு. வெறும் நாகமுலாம் என்றால் யோசியுங்கள்: குருவி நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும், நாகம் உடம்பில் சேர்ந்தால் நஞ்சு. வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஆபத்து குறையும், முற்றாகப் போகாது.

பெரிய குறை கதவு. மேலே தூக்கித் திறக்கும் வகை. மூன்றாம் நாள் காலை பெண்குருவி அலகால் அதை நெம்பித் தூக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவு கழுத்தில் விழுந்திருந்தால்? நெஞ்சு பதறிவிட்டது. அன்றிலிருந்து கொடியில் உடுப்புக்குப் போடும் கிளிப் இரண்டு அங்கே இருக்கின்றன.

கூட்டோடு வந்த பிளாஸ்ரிக் தடிகளைக் கழற்றிவிட்டேன். ஒரே பருமன் என்பதால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண் வரும். மருந்தடிக்காத கொய்யாக் கிளை வைத்தேன். இரண்டே நாளில் பட்டை முழுவதையும் உரித்துப் போட்டன.

எங்கள் பக்கம் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்கள், பாம்புப் பயமும் உண்டு. பாம்புக் குட்டி நுழைய 12 மில்லிமீற்றர் இடைவெளி தாராளம். உள்ளே வந்து குருவியை விழுங்கினால் வயிறு உப்பி வெளியே போகவும் முடியாது. அதனால் இருட்டும் முன் கூட்டை உள்ளே எடுத்துவிடுவேன். குசினிக்குள் மட்டும் வைப்பதில்லை. விறகுப் புகை கூடாது. ஒட்டாத சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி குருவியைச் சில நிமிடத்திலேயே கொன்றுவிடும்.

அடித்தட்டு இலகுவாக இழுபடுகிறது, பழைய பத்திரிகை விரித்தால் தினமும் ஐந்து நிமிட வேலை. மறுபடி வாங்கினால் இதே அளவில்தான் வாங்குவேன், பக்கமாகத் திறக்கும் கதவோடு.