கதிர் வயலும் பட்டணவாசலும்

அறுப்பின் பண்டிகைக் காலங்களில் நம் பிரசங்க மேடைகளில் ரூத்தின் வரலாறு விரும்பிப் பேசப்படுகிறது. மோவாப் நாட்டிலிருந்து வந்த ஓர் ஏழை விதவை. அவளுக்கு இரங்கிய நிலக்காரன். அவள் பொறுக்கிச் சேர்த்த வாற்கோதுமை. அந்நியருக்கு இரங்குங்கள் என்ற அறிவுரையோடு பிரசங்கம் முடிவடைகிறது. இரண்டாம் அதிகாரத்திலேயே நின்றுவிடும் இவ்விளக்கம் குறையுடையது என்பதும், அக்குறை நம் திருப்பணியையும் குறையுடையதாக்கிவிட்டது என்பதும் நாம் ஈண்டு வலியுறுத்த விரும்பும் கருத்துகளாகும்.

ரூத்தின் வாழ்வு முற்றிலும் மாறிய இடம் வயல் அன்று, பட்டணவாசல். நான்காம் அதிகாரத்தில் போவாஸ் வாசலுக்குச் சென்று உட்காருகிறான். மூப்பர் பத்துப்பேரை அழைத்து அமர்த்துகிறான். முதல் உரிமையுள்ள உறவினனோடு வழக்குப் பேசுகிறான். சாட்சிகளின் முன்னிலையில் முடிவு காண்கிறான். பண்டைய இஸ்ரவேலில் பட்டணவாசலே நீதிமன்றம். அந்நாட்டு முறைமையை மோவாபியப் பெண் தானாக அறிந்திருக்க வழியில்லை. அதற்கு வழிகாட்டியவள் நகோமி. முன்னின்று நடத்தியவன் போவாஸ். ஆறுபடி வாற்கோதுமை சில நாள் பசியை ஆற்றும். வாசலில் கிடைத்த முடிவோ அவளை அவ்வூராருள் ஒருத்தியாக்கியது.

கதிர் பொறுக்குதலும் தருமம் அன்று, நியாயப்பிரமாணம் தந்த உரிமையே. எனினும் உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் வரிசையை நோக்குக. அந்நியனுக்காக வயலில் விட்டுவிட வேண்டிய அரிக்கட்டைப்பற்றிய கட்டளை 19ஆம் வசனத்தில் வருகிறது. அவனுடைய நியாயத்தைப் புரட்டலாகாது என்ற கட்டளையோ 17ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. திருமறை நீதியை முதலில் வைக்க, நாம் தானியத்தை முதலில் வைத்தோம்.

திருத்தணியில் இருந்துகொண்டு இப்பகுதிகளை வாசிப்போர்க்கு இவை பழங்கதையாகத் தோன்றா. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அம்மாநிலத்தில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின்னர், 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தது. மலையும் கோயிலும் மக்களும் இருந்த இடத்திலேயே இருந்தனர், எல்லைக்கோடே இடம்பெயர்ந்தது. கோட்டிற்கு இப்பால் தெலுங்கு பேசுவோரும், அப்பால் நகரி, புத்தூர்ப் பகுதிகளில் தமிழ் பேசுவோரும் தங்கிவிட்டனர். எந்த அலுவலகத்தில், எந்த மொழியில் மனுக் கொடுப்பது என்ற கேள்வி, ஓரடியும் நகராத குடும்பங்களையும் அந்நியராக்கிவிடக்கூடும் என்பதே இவ்வூர் தரும் பாடம்.

நகராதவர்க்கே இவ்வாறெனில், தொலைவிலிருந்து வந்தோரின் நிலை என்ன? இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. தரகரிடம் பெற்ற முன்பணமே சிலருக்கு விலங்காகிறது. கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது. அடிமைப்படுத்தும் அத்தகைய கடன் அச்சட்டப்படி அழிந்துபோகிறது. ஆனால் இச்செய்தியை அத்தொழிலாளிக்கு ஒடியா மொழியில் சொல்பவர் யார்? தமிழில் அச்சிட்ட துண்டறிக்கை அவருக்கு வெறுங்காகிதமே.

கும்மிடிப்பூண்டி, புழல் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரின் நிலை வேறுவகையானது. அவர்கள் பேசுவது நம் தாய்மொழி. ஆயினும் சட்டத்தின் மொழி அவர்களுக்கும் அந்நியமே. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 முடிய இந்தியாவில் பிறந்தோர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பிறப்பாலேயே குடிமக்கள். 1983க்குப் பின் வந்து சேர்ந்த குடும்பங்களில் அக்காலத்திற்குள் முகாமில் பிறந்த பிள்ளைகளும் இதில் அடங்குவர். முகாமொன்றில் பிறந்த ஒரு பெண் 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடிக் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். உரிமை பிறந்த நாளிலேயே இருந்தது. அதனை மெய்ப்பிக்கும் சான்றும், வாசல்வரை உடன் நடப்போரும் தேவைப்பட்டனர். இவ்வகையில், 1984இல் சா. செ. சந்திரகாசன் முதலிய ஏதிலியர் தாமே தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், கல்வி, நலவாழ்வு ஆகியவற்றோடு பிறப்புப் பதிவு முதலிய ஆவணப் பணிகளையும் மேற்கொண்டது நமக்கு நல்ல முன்மாதிரி. கிறிஸ்துமசுக்குச் சேலையும் அரிசியும் கொண்டுசெல்லும் நம் சபைகள் இவர்களிடம் கற்கவேண்டியது மிகுதி.

“சட்ட உதவி அரசியலாகிவிடும், ஆறுதல் சொல்வதே சபையின் பணி” எனச் சிலர் மறுக்கலாம். இம்மறுப்பிற்கு நம் மொழிபெயர்ப்பும் ஓரளவு காரணமோ என எண்ணுகிறோம். பராக்லேத்தோஸ் என்னும் கிரேக்கச் சொல், வழக்கில் ஒருவன் பக்கம் நிற்க அழைக்கப்பட்டவரைக் குறிக்கும். நாம் வழங்கும் பழைய தமிழ்த் திருமறை அதனை யோவான் நற்செய்தியில் தேற்றரவாளன் என்றும், முதலாம் யோவான் நிருபத்தில் பரிந்து பேசுகிறவர் என்றும் பெயர்த்துள்ளது. தேற்றரவாளனை அறிந்த அளவிற்கு நம் சபை பரிந்து பேசுகிறவரை அறியவில்லை. கண்ணீரைத் துடைத்தோம், வழக்கில் பக்கம் நிற்கவில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கையும் தேவை. பட்டணவாசலில் ரூத்தைப்பற்றிப் பேசினார்கள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் அங்கு இல்லை. பிறருக்காகப் பேசுவோர் அவர்களை ஊமையராக்கிவிடும் தீங்கும் உண்டு. ஆகவேதான் சட்ட உதவியோடு மொழியுதவியும் இணைந்து செல்லவேண்டும் என்கிறோம். யோசேப்பின் முன் நின்ற சகோதரர் நடுவே ஒரு துபாசி இருந்ததாக ஆதியாகமம் 42 கூறுகிறது. துபாசியின் வேலை தன் கருத்தைச் சொல்வதன்று. பேசுகிறவனின் சொல்லைக் கேட்கிறவனிடம் சேர்ப்பதே. பெந்தெகொஸ்தே நாளிலும் மக்கள் அனைவரும் ஒரே மொழிக்கு மாறவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டனர்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. குறை தீர்க்க எழுதும் மனுவை, ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் கொடுக்கலாம் என அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு உறுதியளிக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கட்டாய உழைப்பிற்கு ஆளானோர் முதலியோர்க்கு இலவச சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது. வாசல் திறந்தே இருக்கிறது. அதுவரை உடன் நடப்போரே இல்லை. தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் அறிந்த விசுவாசிகள் இரயில்வே ஊர்களின் சபைகளில் இருத்தல் கூடும். ஆராதனைக்குப்பின் ஒரு மேசையிட்டு, கைந்நாட்டு வைக்குமுன் தாளில் உள்ளதை அவரவர் மொழியில் வாசித்துக் காட்டினாலே எத்தனையோ இடர்கள் நீங்கும். திருமறைக் கல்லூரிகளும் ஊழியப் பயிற்சியில் சில நாட்களை வட்டச் சட்டப்பணிகள் குழுவின் அலுவலகத்தில் கழிக்க மாணவரை அனுப்பலாம்.

அடுத்த அறுப்பின் பண்டிகையில் ரூத்தின் புத்தகத்தைத் திறக்கும் போதகர், நான்காம் அதிகாரத்தையும் வாசிப்பாராக. அதனைக் கேட்ட சபையாரில் இருவரேனும் திங்கட்கிழமை காலையில், தாளைக் கையில் வைத்துத் திகைத்து நிற்கும் ஒருவரோடு அலுவலகத்திற்குச் செல்வாராயின் அப்பிரசங்கம் பயனுற்றது என்போம்.