பூட்டின் அடிப்பக்கம்: முக்குளிப்புக் கடிகாரமும் மணிக்கட்டும்

ஆடம்பரக் கடிகாரம் என்றதும் நம் விமர்சகர்களுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. அது ஒரு குறி, அந்தஸ்தின் குறிப்பான், பயன்மதிப்பு ஆவியாகிப்போன பண்டம் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். நேரம் பார்க்க ஐந்நூறு ரூபாய்க் கடிகாரம் போதும் என்பதும் உண்மைதான். ஆனால் இந்த வாசிப்பு கடிகாரத்தின் முகத்தை மட்டுமே வாசிக்கிறது. முகம் மற்றவர் பார்ப்பதற்கானது. மணிக்கட்டின் அடியில், மேசை விளிம்பில் உரசிக் கீறல் விழுந்து கிடக்கிற பூட்டை யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்க்காத ஒன்று எப்படிக் குறியாகும்? குறியாகாது என்றால், விலையுயர்ந்த முக்குளிப்புக் கடிகாரங்களைச் செய்பவர்கள் அந்தப் பூட்டுக்குள் பல்சட்டமும் வில்லும் பொத்தானும் வைத்து, 2 மி.மீ. கூட்டவும் குறைக்கவும் இத்தனை மெனக்கெடுவது எதற்கு?

என் வாதம் இதுதான்: இந்தப் பூட்டு தரையில் நடமாடும் உடலுக்காகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த உடலின் பெயரை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, முக்குளிப்பவரின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

மணிக்கட்டு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் தளர்ந்து தொங்குகிற எஃகுச் செயின், வெயிலில் நடந்துவிட்டு வந்தால் கையை இறுக்குகிறது. வெப்பத்தில் தோலடி ரத்தக்குழாய்கள் விரிகின்றன, கை லேசாக வீங்குகிறது, அவ்வளவுதான். எஃகு விரியாது. தோல்பட்டையில் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம். செயினில் ஒரு கண்ணியை எடுத்தால் தொளதொளப்பு போய் இறுக்கம் வரும், சேர்த்தால் மறுபடி தொளதொளப்பு. பழைய பூட்டுகளின் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன. குண்டூசியால் உள்ளே இருக்கும் வில்கம்பியை அழுத்தி அடுத்த துளைக்கு நகர்த்த வேண்டும். மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் அதைச் செய்யப்போவதில்லை. கொஞ்ச நேரம் கழற்றி மேசைமேல் வைப்பார்கள்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்பைடெல் நிறுவனம் 1959இல் ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ் என்ற இழுபடும் உலோகப்பட்டையைக் கொண்டுவந்தது. கண்ணிகளுக்குள் வில்தகடுகள் இருக்கும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பூட்டே வேண்டாம். மயிரைப் பிடித்து இழுக்கும் என்பது ஒன்றுதான் குறை. மணிக்கட்டு வீங்கினால் பட்டை கூடவே வீங்கும். மலிவானது, லட்சக்கணக்கான கைகளில் ஏறியது. ஆனால் ஆடம்பரம் அதைத் தொடவில்லை. இழுபடுவது மட்டம் என்றாகிவிட்டது. ஏன்? அந்தப் பட்டை உடலுக்கு எதிர்ப்பில்லாமல் இணங்கிவிடுகிறது. ஆடம்பரத்துக்கு வேண்டியது இணக்கமல்ல, ஆளுகை. பல் பல்லாக ஏறி, ‘க்ளிக்’ என்று ஓசை கேட்டு, எஃகு தன் இடத்தில் உட்கார வேண்டும். இரண்டுமே சௌகரியம்தான். ஒன்று தானாக நடப்பது, இன்னொன்று அணிபவன் தீர்மானித்து நடப்பது. வர்க்கம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இங்கே ஒரு வில்லுக்கும் ஒரு பல்சட்டத்துக்கும் நடுவில் ஓடுகிறது. ரொலான் பார்த் 1957இல் வெளியான தம் நூலில் சித்ரோன் காரைப் பற்றி எழுதும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில்தான் கண்ணை வைத்தார். நாம் அவரிடமிருந்து ‘தொன்மம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம், அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, முக்குளிப்பவர் எங்கே வருகிறார்? அவருடைய தேவை பொய்யல்ல. குளிர்நீரில் இறங்குபவர் நுண்குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பர் உடை அணிகிறார். கடிகாரத்தை அதன்மேல் கட்ட வேண்டும். 3 மி.மீ. தடிமனுள்ள உடை மணிக்கட்டின் சுற்றளவை ஏறத்தாழ 19 மி.மீ. கூட்டும். பள்ளிக்கூடத்து வட்டக் கணக்குதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிக் குமிழிகள் ஒடுங்குகின்றன. உடை மெலிகிறது, மேலே இறுக்கமாக இருந்த கடிகாரம் கீழே வழுக்கத் தொடங்குகிறது. 1968இல் ஜப்பானின் ஹிரோஷிமாப் பகுதியிலிருந்து ஆழ்கடல் தொழிலாளி ஒருவர் செய்கோ நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் பட்டையைப் பற்றியதல்ல. ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்பவர்களுக்கு உங்கள் கடிகாரங்கள் தாங்கவில்லை என்பது அதன் சாரம். அதற்குப் பதிலாக 1975இல் 600 மீட்டர் ஆழத்துக்கான டைட்டானியக் கடிகாரம் வந்தது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு பட்டையும் கூடவே வந்தது. மேலே இழுத்துக் கட்டினால், உடை ஒடுங்க ஒடுங்க மடிப்புகள் சுருங்கிக் கையைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகில்லை. கூலிக்கு இறங்குபவனின் முறையீட்டில் பிறந்த பொருள் அது. கடிகாரங்களின் சரித்திரத்தில் உடல் தன் குரலிலேயே பேசிய அபூர்வமான தருணங்களில் ஒன்று என்பேன்.

அந்தக் குரலை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வதற்கான சட்டகம் 1964லேயே தயார். ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பாண்ட் தண்ணீரிலிருந்து ஏறி வருகிறார். குண்டு வைத்துவிட்டு ரப்பர் உடையின் ஜிப்பை இறக்குகிறார். உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளை விருந்துக்கோட்டு! மதுக்கூடத்தில் நின்று லைட்டர் வெளிச்சத்தில் ரோலெக்ஸ் சப்மரினரைப் பார்க்கிறார். அதில் கட்டியிருந்த கோடுபோட்ட நைலான் பட்டை கடிகாரத்தின் காதுகளைவிடக் குறுகலானது, இரண்டு பக்கமும் கம்பி தெரியும். ஒரே உடலில் இரண்டு உடைகள் என்பதுதான் முக்குளிப்புக் கடிகாரத்தின் முழுக் கதையாடலும். மேலே ரப்பர், உள்ளே விருந்து. பின்னால் வந்த வாடிக்கையாளர்கள் மேல் உடையைக் கழற்றிக் கடாசிவிட்டார்கள், கதையை வைத்துக்கொண்டார்கள்.

1983இல் ஆர்க்கா எட்ஜ் போன்ற மின்னணு முக்குளிப்புக் கணிப்பான்கள் வந்தன. ஆழத்தையும் நேரத்தையும் அவையே கணக்கிட்டன. முக்குளிப்பவருக்குக் கடிகாரத்தின் அவசியம் மெல்ல மெல்லக் குறைந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2008இல், ரோலெக்ஸ் டீப்சீயில் கிளைட்லாக் பூட்டு வருகிறது. 2010இல் எஃகுச் சப்மரினருக்கும் வந்துவிட்டது. கருவி எதுவும் வேண்டாம். தூக்கி நகர்த்தினால் 2 மி.மீ. படிகளில் 20 மி.மீ. வரை போகும். சப்மரினரை 3 மி.மீ. உடைமேல் அணியலாம் என்கிறார்கள். மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது, நேர்மையான கணக்குதான். ஆனால் அணிபவர் நகர்த்துவது ஒரு படி, மிஞ்சினால் இரண்டு. அதுவும் மதியத்தில். முக்குளிப்பு எந்த நேரத்தில் கடிகாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்ததோ அந்த நேரத்தில் அதன் பூட்டு முன்னெப்போதையும்விட முக்குளிப்புக்குத் தகுதியானதாகிறது. டூடர் 2012இல் தன் பெலகோஸில் உடை ஒடுங்கும்போது தானே சுருங்கும் வில்லை வைத்தது. பிற்பாடு வந்த டி-ஃபிட் பூட்டு 8 மி.மீ.யை ஐந்து நிலைகளாகப் பிரித்துக்கொண்டது. அந்த அளவில் 3 மி.மீ. நியோப்ரீன் அடங்காது. இங்கே முக்குளிப்பவர் பேருக்குக்கூட இல்லை.

‘சௌகரியம் என்று அவர்களே சொல்கிறார்களே’ என்று வாசகர் மறுக்கலாம். சொல்கிறார்கள். ரோலெக்ஸின் மற்ற பல செயின்களில் ஈஸிலிங்க் என்று மடிந்து விரியும் ஒரு கண்ணி உண்டு, அதைச் சௌகரியக் கண்ணி என்றே நிறுவனம் அழைக்கிறது. அது கொடுப்பது 5 மி.மீ., ஒரே படி. பெயர் சொல்லிக் கேட்ட உடலுக்கு ஒரு படி, முக்குளிப்பவரின் முகமூடியில் வந்த உடலுக்குப் பத்துப் படி. இன்னும் மேலே போனால் படியே இல்லை. 1956இல் வந்த டே-டேட் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்யப்படுவது. அதன் பிரசிடென்ட் செயினில் பூட்டு இருக்கும் இடமே தெரியாது, சிறிய கிரீடம் ஒன்றுதான் தெரியும். அந்த மறைபூட்டில் நெடுங்காலம் எந்தக் கூட்டல் குறைத்தலும் கிடையாது. அதிபருக்குக் கை வீங்காது போலும். பட்டேக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் பிறந்தது 1976இல். சில மில்லிமீட்டர் தளர்த்திக்கொள்ளும் பூட்டு அதற்கு வாய்த்தது 2022இல். இத்தனைக்கும் அது நீர்மூழ்கிக் கப்பலின் பெயரைத் தாங்கியது.

ஆகவே உடல் என்பது சொல்லாடலுக்கு வெளியே, எஃகுக்கு எதிராகத் தானே வீங்கிக்கொண்டிருக்கும் இயற்கை என்று நான் சொல்லவில்லை. வீக்கம் இயற்கைதான். ஆனால் எந்த வீக்கத்துக்கு உலோகம் வழிவிட வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. கர்ப்ப காலத்தில் பெண்களின் கையும் காலும் வீங்குவது யாருக்கும் தெரியாத சேதியல்ல. வளையல் ஏறவில்லை, மோதிரம் கழலவில்லை என்று வீட்டுக்கு வீடு பேச்சிருக்கும். மணிக்கட்டின் அளவு மாதக்கணக்கில் மாறிக்கொண்டே போகிற உடல் அது. நுண்சரிக்கட்டும் பூட்டுக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேறென்ன வேண்டும்? நான் புரட்டிப் பார்த்த விளம்பரங்களிலும் கையேடுகளிலும் அந்தக் கை ஒருமுறைகூட வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் இருப்பது நீல நீர், குமிழிகள், கறுப்பு உடைக்கு மேல் மின்னுகிற எஃகு.